உறிஞ்சு குழலுக்கு இருபது நாள்!

தோழரே,

ஒரு குழல்! புல்லாங்குழலன்று, இளநீர்க் கடைக்காரர் காசு கேளாமல் காய்க்குள் செருகித் தருகின்றாரே, அந்தக் குழல். அதனை ஒரு கிழவர் கேட்டார். பேரரசு யோசித்தது. இருபது நாள் அவகாசம் வேண்டும் என்றது. நீதிமன்றமும் அவகாசம் தந்தது. இருபது நாள் கழித்து, "குழல் எங்களிடம் இல்லை" என்று பேரரசு விடை பகர்ந்தது. அணுவைப் பிளக்கவும் நிலவில் கலம் இறக்கவும் வல்ல ஓர் அரசு, ஒரு குழலைப் பற்றி முடிவு செய்ய எடுத்துக்கொண்ட காலம் இது.

கேட்டவர் யார்? திருச்சி மாவட்டத்தில் 1937இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, சார்க்கண்டு மண்ணின் பழங்குடி மக்களுக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஸ்டான் சுவாமி. நடுக்குவாத நோயால் கைகள் ஆடும்; கோப்பையை வாயருகே கொண்டு சென்றால் நீர் நெஞ்சில் சிந்தும். 83ஆம் வயதில், 2020 அக்டோபர் 8 அன்று, தேசியப் புலனாய்வு முகமை அவரை ராஞ்சியில் கைது செய்து, மராட்டியத்துத் தலோஜா சிறையில் அடைத்தது. நவம்பர் 6இல் குழலுக்கு மனு. 26இல் இல்லையென்ற பதில்! பிணை கேட்டார்; 2021 மார்ச்சில் தனி நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்க, சூலை 5ஆம் நாள் மருத்துவமனையில் அவர் கண்ணை மூடினார். அந்நாள்வரை அவர்மீதான விசாரணை தொடங்கவே இல்லை. குற்றவாளி என்றும் சொல்லப்படவில்லை, குற்றமற்றவர் என்றும் சொல்லப்படவில்லை. சாவு மட்டும் சொல்லப்பட்டது!

இதிலே நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. சிறைக்கு உள்ளே தள்ளப்படுவதற்கு முன் அவர் செய்துவந்த வேலை என்ன தெரியுமா? நக்சலைட்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டு, விசாரணையே இன்றிச் சார்க்கண்டுச் சிறைகளில் வாடிய பழங்குடி இளைஞர்களின் கணக்கை எடுப்பது. அவர்களை விரைந்து விசாரியுங்கள் என்று உயர்நீதிமன்றப் படியேறி வழக்குத் தொடுப்பது. விசாரணைக் கைதிகளை எண்ணியவர், எண்ணிக்கையில் ஒருவராகி மாண்டார்.

தனி ஒருவரின் துயரம், வருந்துவோம், மறப்போம் என்று ஆளவந்தார் கூறக்கூடும். ஆனால், அவர்களுடைய தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகம் தந்துள்ள ஏட்டையே புரட்டுவோம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் தண்டனை பெறாமல் வெறும் விசாரணைக் கைதிகளாக இருந்தோர் 4,34,302 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்! இந்த நாட்டுச் சிறைகள் அனைத்தையும் சேர்த்தால் அவை கொள்ளக்கூடிய தொகை 4,36,266. இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழரே. தண்டனை பெற்றோர் ஒருவர்கூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும், விசாரணைக்குக் காத்திருப்போரைக் கொண்டே ஏறக்குறைய எல்லாச் சிறைகளும் நிரம்பிவிடும் நிலை! நெரிசலைப் போக்கப் புதிய சிறை கட்டுகிறோம் என்கிறார்களே, நோய் எங்கே, மருந்து எங்கே?

சிறை மாநிலப் பட்டியலில் உள்ளது, மத்திய அரசைக் குறை சொல்வதேன் என்று மடக்குவோர் உண்டு. சுவரும் பூட்டும் மாநிலத்துக்குரியவை, மெய்தான். எவரை எத்தனை நாள் பூட்டலாம் என்று விதிக்கும் சட்டம் எங்கே பிறக்கிறது? தில்லியில் அன்றோ!

அந்தச் சட்டங்களின் குலவரிசையை நம்மவர் நன்கறிவர். மிசா, தடா, பொடா, இன்று ஊபா. (எல்லாம் ஈரெழுத்து; கைதியின் மனைவிக்கு மனப்பாடம் செய்ய எளிது!) மிசாவின் தழும்பு சென்னை மத்தியச் சிறைச் சுவருக்குத் தெரியும். 1976இல் அங்கே அடிபட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு மீளவே இல்லை; அந்தக் கொடுமையை விசாரிக்க இசுமாயில் குழு அமைக்கப்பட்டது. அதற்கும் முன்னே, குடியரசு பிறந்து பதினாறே நாளில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் பொதுவுடைமைத் தோழர்கள் 22 பேர் துப்பாக்கிக்கு இரையாயினர். பொடாவில் வைகோ வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்தார். ஆகவே, வடக்கே எங்கோ நடப்பது என்று நம்மால் இருந்துவிட முடியாது.

ஊபா என்று சுருக்கமாக வழங்கும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 1967இல் வந்தது. அதற்கு வழி வெட்டியது 1963இன் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம். பிரிவினைப் பேச்சைத் தடுக்க வந்த அத்திருத்தம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004இல் பொடா மறைந்தபோது அதன் பற்கள் இச்சட்டத்தின் வாயில் பொருத்தப்பட்டன. 2008இல், மும்பைத் தாக்குதலை அடுத்து, காங்கிரசுத் தலைமையிலான ஆட்சி 43டி என்னும் பிரிவைச் சேர்த்தது. பாரதிய சனதா ஆட்சி 2019இல் இன்னும் ஒரு படி ஏறி, அமைப்புகளை மட்டுமின்றித் தனி மனிதரையும், நீதிமன்றத் தீர்ப்பு ஏதுமின்றியே, பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. வரலாற்றை உள்ளபடி சொல்வோம்: கத்தியைத் தீட்டியவர் பலர், இன்று ஓயாமல் வீசுபவர் ஒருவர்.

43டி (5) செய்வது என்ன? குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தோன்றினால் பிணை கூடாது என்கிறது. எதைப் பார்த்துத் தோன்ற வேண்டும்? போலீசார் எழுதிய குறிப்பேட்டையும் குற்றப்பத்திரிகையையும் பார்த்து! எழுதியவரே சாட்சி. அந்தத் தாளைத் துருவி ஆராயலாகாது என்று 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. விசாரணை முடிய ஆண்டுக்கணக்கு ஆகுமென்றால் அரசியல் சட்டம் தரும் உரிமை மேலோங்கும், பிணை தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் அதே மன்றம் கதவைச் சற்றே திறந்தது. ஆயினும், அக்கதவு எந்த அறையில் திறக்கும், எந்த அறையில் திறவாது என்பது கைதிக்கும் தெரியவில்லை, அவர்தம் வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. "பிணையே பொதுவிதி, சிறை விதிவிலக்கு" என்னும் நெறியை 1977இல் நிலைநாட்டிய நீதிபதி கிருஷ்ணய்யர், 1948இல் தாமே சிறைக்குள் இருந்து பார்த்தவர். பார்த்தவர் எழுதியதற்கும் பாராதவர் எழுதுவதற்கும் இருக்கும் வேற்றுமை இது.

இத்தனையும் செய்து எத்தனைப் பயங்கரவாதிகளை மெய்ப்பித்தார்கள்? 2018 முதல் 2020 வரை மூன்றாண்டுகளில் இச்சட்டத்தின்கீழ்க் கைதானோர் 4,690 பேர். அதே காலத்தில் தண்டனை பெற்றோர் 149 பேர். நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு. தண்டனை பெற்றவர்கள் அந்த ஆண்டுகளிலேயே கைதானவர்கள்தாம் என்று பொருளல்ல என்பதையும் சேர்த்தே படியுங்கள். அப்படிப் படித்தாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மறையாது. தண்டனைக்காகப் பிடிக்கவில்லை, பிடித்து வைப்பதே தண்டனை!

பேராசிரியர் சாய்பாபாவைக் கேளுங்கள் என்று சொல்ல ஆசை; அவரும் இல்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். சக்கர நாற்காலியின்றி நகர இயலாதவர். 2014 மே மாதம் கைது. 2017இல் ஆயுள் தண்டனை. தாய் இறந்தபோதும் முகம் பார்க்க விடவில்லை. 2022 அக்டோபர் 14 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு அவரை விடுதலை செய்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. விடுமுறை நாளென்றும் பாராமல் உச்சநீதிமன்றம் கூடி அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. விடுதலை செய்யாதே என்று மேல்முறையீட்டோடு ஓடியது மராட்டிய அரசு. அதற்காக வாதாடியவர் இந்திய அரசின் தலைமை வழக்குரைஞர்களுள் ஒருவர். குழலுக்கு இருபது நாள்; கூண்டைப் பூட்ட ஒரே நாள்! மீண்டும் விசாரித்து, 2024 மார்ச் 5 அன்று அதே உயர்நீதிமன்றம் மறுபடியும் குற்றமற்றவர் என்றது. ஏழு மாதம் வெளியில் இருந்தார். அக்டோபர் 12இல் மறைந்தார். அவ்வழக்கில் உடன் தண்டிக்கப்பட்ட பாண்டு நரோட்டே என்னும் பழங்குடி இளைஞர் 2022 ஆகத்திலேயே, முதல் விடுதலைத் தீர்ப்பைக் கேட்காமலே, காவலில் இறந்துபோனார். ஆராயாமல் கோவலனைக் கொன்ற பாண்டியன், உண்மை தெரிந்த நொடியில் அரியணையிலேயே உயிர் விட்டதாகக் காப்பியம் கூறும். இவர்களை நாம் உயிர் விடச் சொல்லவில்லை. ஒருவரி வருத்தம்? அதுவும் இல்லை.

வெள்ளையன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று முழக்கமிட்டு, 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேரை இடைநீக்கம் செய்துவிட்டுக் காலி நாற்காலிகளுக்கு நடுவே மூன்று குற்றவியல் சட்டங்களை நிறைவேற்றினர். 2024 சூலை முதல் நாளில் அவை நடைமுறைக்கு வந்தன. பெயர்களெல்லாம் வடமொழி, நம் ஊர்க் காவல் நிலையத்தில் எழுத்தர் அவற்றைச் சொல்ல நாக்கு புரண்டால், கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ வேடிக்கையன்று. முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் விடுதலை என்று 479ஆம் பிரிவு சொல்வது நல்லதே; பாராட்டுவோம். ஆனால், ஆயுள் தண்டனைக்குரிய குற்றமென்றால் இச்சலுகை இல்லை. பழைய சட்டத்தில் மரண தண்டனைக் குற்றம் மட்டுமே விலக்கப்பட்டிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் இல்லை. ஆர்ப்பாட்டத்துக்குப் போன நம் தோழர்மீது ஒரே நாளில் நான்கு வழக்கு போடத் தெரியாத காவல் நிலையம் எங்கே உள்ளது? கிருஷ்ணய்யர் 1980இல் மனிதத் தன்மைக்கு இழுக்கென்று கண்டித்த கைவிலங்கு, 43ஆம் பிரிவில் சட்டத்தின் ஆடை உடுத்தித் திரும்பி வந்திருக்கிறது. இராசத்துரோகம் என்ற சொல் போய்விட்டது. 152ஆம் பிரிவாகப் பொருள் இருக்கிறது.

சாதியையும் இங்கே சொல்லவேண்டும். சிறைக்குள் சமைப்பவர் இன்ன சாதி, துப்புரவு செய்பவர் இன்ன சாதி என்று விதிநூலில் அச்சிட்டே வைத்திருந்தன பல மாநிலங்கள். சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை அடித்துத் தள்ளியது. நம் பாளையங்கோட்டைச் சிறையின் சாதிவாரிப் பிரிப்பும் அத்தீர்ப்பில் கண்டிக்கப்பட்டது. பெரியார் மண் என்று பேசும் நாம் தலைகுனிந்து படிக்க வேண்டிய பக்கம் அது. காவல் நிலையச் சாவுகளும் அப்படியே. 2020இல் சாத்தான்குளம், 2025இல் திருப்புவனம். கோட்டையில் எக்கொடி பறந்தாலும் லத்தியின் பழக்கம் மாறவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அதனை உறுதி செய்து சட்டமாக்கவில்லை. கையெழுத்திட்டவர்கள் ஓய்வு பெற்றுவிட்டனர்; கையெழுத்து மட்டும் காத்திருக்கிறது.

பயங்கரவாதியை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். தயங்காமல் விடை கூறுங்கள்: குண்டு வைத்தவனை விசாரித்துத் தண்டியுங்கள், விரைந்து விசாரியுங்கள். விசாரியாமல் வைத்திருப்பதால் குண்டு வைத்தவனும் தண்டனை பெறுவதில்லை, வைக்காதவனும் வீடு திரும்புவதில்லை. நாடாளுமன்றத்தில் நம்மவர் கேட்க வேண்டியது இதுதான்: 43டி (5) நீங்க வேண்டும்; குற்றப்பத்திரிகைக்குப் பின் விசாரணை தொடங்கக் காலக்கெடு வேண்டும்; விடுதலையானவர் இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் அருகில் இருக்கிறது. பிணை கிடைத்தும், ஆள்பிணை நிற்க எவருமின்றி உள்ளேயே கிடக்கும் ஏழைகள் உண்டு. பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் அதனைக் கொடுக்க இயலாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே கருதிப் பார்க்கவேண்டும் என்று 2023 சனவரி 31இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. அதே ஆண்டில் மத்திய அரசும் ஏழைக் கைதிகளின் பிணைக்கு 40,000 ரூபாய் வரை தரும் திட்டத்தை அறிவித்தது. எத்தனைக் குடும்பங்களுக்கு இது தெரியும்? உங்கள் வட்டத்துக் கிளைச்சிறையில் அப்படிக் கிடப்போரின் பெயர்களை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பெறுங்கள். கழனிக் கூலியாள், பேருந்து நிலையத்தில் படுத்திருந்து சந்தேகத்தில் பிடிபட்டவர், அபராதம் கட்ட வழியற்றவர், எந்தக் கட்சியாயினும் எந்தச் சாதியாயினும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தின் பொருள் நிரலில் முதலில் அந்தப் பட்டியல் படிக்கப்படட்டும்.