கைதட்டலுக்குரியவர் யார்?

ஜோசப் ஃபைண்டர் 2004இல் எழுதிய ‘பாரனோயா’ என்னும் அமெரிக்க நாவலைப் படித்துவிட்டு, அதன் நாயகனை மனமார மன்னிப்போர் உண்டு. ஓய்வுபெறும் சரக்குக்கூடத் தொழிலாளி ஒருவருக்கு நிறுவனப் பணத்தில் விருந்து வைக்கிறான் அவன், பிடிபடுகிறான், சிறைக்கு அஞ்சிப் போட்டி நிறுவனத்துள் உளவாளியாய் நுழைகிறான். “தொழிலாளிக்கு இரங்கியவன், பணமுதலைகளைத்தானே ஏமாற்றினான்?” என்பது அவனுக்காக வழக்காடுவோர் வாதம்.

சொத்தை வாதம் இது! இரக்கம் விருந்தோடு முடிந்தது. பின்னர் அவன் களவாடியது, தன்னை நம்பி அருகமர்த்தியோரின் நம்பிக்கையை. தொழில் இரகசியம் என்பது முதலாளியின் பெட்டிப் பணம் மட்டுமன்று. பலர் கண்விழித்து உழைத்ததன் பயன். அது களவுபோய் நிறுவனம் தளர்ந்தால், வேலையிழந்து வீதிக்கு வருபவரும் அச்சரக்குக்கூடத் தொழிலாளி போன்றவரே.

உளவறிதலை அரபியில் ‘தஜஸ்ஸுஸ்’ என்பர். கையால் தடவிப் பார்த்தல் என்னும் வேரில் பிறந்த சொல். பிறர் மூடிவைத்ததைத் தடவும் அக்கையைத் திருமறை (49:12) தடுக்கிறது. செல்வனின் பெட்டிக்கு மட்டும் அங்கே விலக்கில்லை.

கதைக்கு வெளியே நடந்ததையும் கேளுங்கள். 2006இல், கோகோ கோலாவின் இரகசியங்களை விற்பதாகப் பெப்சி நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. பெப்சி வாங்கவில்லை, தன் போட்டியாளருக்கே அதனைத் தெரிவித்தது. மூவர் கைதாயினர். கோகோ கோலாவில் செயலாளராயிருந்தவருக்கு 2007இல் 8 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதில் துரத்தலில்லை, திடுக்கிடும் திருப்பமுமில்லை. ஆயினும் கைதட்டல் இந்த நேர்மைக்கே உரியது. நம் பிள்ளைகள் விறுவிறுப்பான கதைகளைப் படிக்கட்டும். படித்து முடித்ததும், “இவனிடம் நம் வீட்டுச் சாவியை ஒப்படைக்கலாமா?” என்று கேளுங்கள்.