கிளார்க்குக்கு வாய்ப்பூட்டு, கமிஷனருக்கு வேட்புமனு

இந்தியாவில் அரசு ஊழியர் ஓட்டுப் போடலாம். யாருக்குப் போட்டேன், யாருக்குப் போடப்போகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 5-வது விதி இதைத்தான் சொல்கிறது. கட்சியில் சேரக் கூடாது, நிதி கொடுக்கக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. சட்டையிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னம் தெரிந்தால் அதுவே பிரசாரக் கணக்கில் வரும். தமிழ்நாட்டின் 1973 விதிகளும் இதே அச்சில் வார்த்தவைதான். போதாததற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவு இருக்கிறது. அரசு ஊழியர் ஒரு வேட்பாளருக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை சிறை.

அதே 5-வது விதி ஊழியரின் வீட்டுக்குள்ளும் வருகிறது. அரசைக் குலைக்கும் தன்மையுள்ள இயக்கங்களில் குடும்பத்தார் சேராமல் பார்த்துக்கொள்வது ஊழியரின் கடமையாம். தடுக்க முடியவில்லையென்றால் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதாவது, பையன் எந்தக் கூட்டத்துக்குப் போனான் என்று அம்மா ரிப்போர்ட் எழுதணும்.

சரி, எது அரசியல், எது அரசியல் இல்லை? அதிலும் அரசின் முடிவே இறுதி என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் ஆர்.எஸ்.எஸ். நடவடிக்கைகளில் கலந்துகொள்ளக் கூடாது என்று 1966-ல் ஓர் உத்தரவு வந்தது. 2024 ஜூலையில் இன்னொரு உத்தரவு அந்தத் தடையை நீக்கியது. அந்த அமைப்பு நல்லதா கெட்டதா என்று பேச நான் இங்கே வரவில்லை. 58 வருஷம் அரசியலாக இருந்த ஒன்று ஒரே உத்தரவில் அரசியல் இல்லாமல் போகிறது. இந்த விதிக்கு நடுநிலை என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கட்டுப்பாடே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்துவிட்டு தாலுகா ஆபீஸில் நிற்கிற ஆளுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எந்தக் கட்சியோ என்ற பயம் வரக் கூடாது. ஓட்டு எண்ணும் மேசைக்கு முன்னால் அந்தப் பயம் துளிகூட இருக்கக் கூடாது. அதை நான் மறுக்கவில்லை. இந்தக் கயிறு யார் கழுத்தில் இறுகுகிறது, யாருக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதுதான் என் சண்டை.

நெகிழ்ந்த கதைகளில் பெரியது 1975-ல் நடந்தது. 1971-ல் ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். காரணங்களில் ஒன்று யஷ்பால் கபூர். பிரதமரின் செயலகத்தில் சிறப்பு அதிகாரியாக இருந்த அவர், அரசுப் பணியிலிருந்து முறைப்படி விலகும் முன்பே தேர்தல் வேலையில் இறங்கிவிட்டார் என்றது தீர்ப்பு. மேடை போடவும் மின்சாரம் கொடுக்கவும் உ.பி. அரசு அதிகாரிகள் உதவியது இன்னொரு காரணம். அடுத்து எமர்ஜென்சி வந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் செய்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒருவர் எப்போதிலிருந்து வேட்பாளர், ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து செல்லும், அதிகாரிகள் செய்யும் ஏற்பாடு தேர்தல் உதவியா இல்லையா என்று, தீர்ப்பு கைவைத்த இடங்களையெல்லாம் தேடித் தேடி மாற்றினார்கள். அதுவும் முன்தேதியிட்டு. அந்தத் திருத்தங்களை வைத்தே நவம்பரில் உச்ச நீதிமன்றம் வெற்றி செல்லும் என்றது.

இப்போது கயிறு இறுகிய கதை. திரிபுராவில் மீன்வளத் துறையில் ஒரு பெண் கிளார்க். ஒரு கட்சிப் பேரணிக்குப் போனார், முகநூலில் எழுதினார் என்று 2018-ல் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். ஓய்வுபெற நான்கே நாள் இருந்தது. கூட்டத்துக்குப் போவது வேறு, கட்சி வேலை செய்வது வேறு, அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொல்ல 2020 ஜனவரி ஆகிவிட்டது. அவருக்காக யாரும் முன்தேதியிட்டுச் சட்டம் திருத்தவில்லை.

ஜெயித்தார் இல்லையா, அப்புறம் என்ன என்று கேட்காதீர்கள். விதியின் வேலை தண்டிப்பது மட்டும் இல்லை, பயமுறுத்துவதும்தான். என் நண்பன் ஒருவன் குரூப் 4 ரிசல்ட் வந்த வாரமே தன் முகநூல் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். அவன் எழுதியிருந்ததில் பாதி, ஊர் ஏரியில் மண் அள்ளுவதைப் பற்றி.

மேலே இருப்பவர்களைப் பாருங்கள். கான்பூர் போலீஸ் கமிஷனராக இருந்த அசீம் அருண், 2022 ஜனவரியில் உ.பி. தேர்தல் தேதி வெளியான நாளில் விருப்ப ஓய்வை அறிவித்தார். அதே மாதம் பா.ஜ.க.வில் சேர்ந்து, கன்னோஜில் ஜெயித்து, அமைச்சரும் ஆனார். ஒடிசாவில் முதல்வர் நவீன் பட்நாயக்கின் தனிச் செயலாளராக இருந்த தமிழர் வி.கே. பாண்டியனுக்கு, 2023-ல் விருப்ப ஓய்வு கிடைத்த மறுநாளே கேபினட் அமைச்சர் அந்தஸ்தில் பதவி. அடுத்த மாதம் பிஜு ஜனதா தளத்தில் சேர்ந்தார். இவர்கள் பதவியில் இருந்தபோது தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே எழாமல் இருக்கத்தானே கிளார்க்கின் வாயைக் கட்டினீர்கள்? அண்ணாமலையும் சசிகாந்த் செந்திலும் 2019-ல் வேலையை விட்டு 2020-ல்தான் கட்சிகளில் சேர்ந்தார்கள். அது அவர்களாக எடுத்துக்கொண்ட அவகாசம். சட்டம் அதைக் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு வருஷத்துக்குள் தனியார் கம்பெனியில் சேர அரசிடம் அனுமதி வாங்கணும். கட்சியில் சேர ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இதற்கும் இடைவெளி வேண்டும் என்று போடப்பட்ட வழக்கில், அது சட்டம் இயற்றுபவர்களின் வேலை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சட்டம் இயற்றுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்!

மாற்று வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் அரசு ஊழியர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கடைநிலையில் இருப்பவர்கள் தாராளமாக அரசியலில் ஈடுபடலாம். நடுவில் இருப்பவர்கள் அனுமதி பெற்று ஈடுபடலாம். மேலே போகப்போகக் கட்டுப்பாடு கூடும். அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு கட்டு. நம்மூரில் இது தலைகீழாக நிற்கிறது.

ஆஸ்பத்திரி நர்ஸும் அரசு பஸ் டிரைவரும் டியூட்டி முடிந்து சீருடையைக் கழற்றிய பிறகு எந்தக் கொடி பிடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர்களை விடுங்கள். கலெக்டர், கமிஷனர், துறைச் செயலாளர் ஆகியோரை இரண்டு வருஷம் உட்கார வையுங்கள். அதுவரைக்கும் நடுநிலை என்ற வார்த்தையை எங்களிடம் சொல்லாதீர்கள்.