மலிவு இன்சூரன்சு: பெற்றோரே, உஷார்!

நகையை அடகு வைத்து, பாங்கில் கடன் வாங்கி, மகனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்புகிறார்கள் நம்ம ஊர்ப் பெற்றோர். விசா, விமான டிக்கெட் எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வைத்திய இன்சூரன்சு பற்றி மட்டும் கேட்பதில்லை!

அங்கே இன்சூரன்சு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய முடியாது. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குச் சட்டப்படி பொது இன்சூரன்சு உண்டு. 2025-ல் மாதம் சுமார் 145 யூரோ. விசாவுக்காகக் கணக்கில் முடக்கிய பணத்திலிருந்து, 2024 செப்டம்பரில் வந்த கணக்குப்படி, மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் 145 போனால் வலிக்கத்தான் செய்யும்.

இங்கேதான் சில ஏஜெண்டுகள் புகுந்து விளையாடுகிறார்கள். பாதி பணத்தில் தனியார் பாலிசி இருக்கிறதாம்! பையனும் பொது இன்சூரன்சு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கிவிடுகிறான். அந்தப் படிப்பு முடியும் வரை அந்த விலக்கை ரத்து செய்ய முடியாது. இதை எத்தனை ஏஜெண்டு சொல்கிறார்?

மலிவு பாலிசிகள் பலவற்றில் பழைய வியாதிக்குப் பணம் கிடையாது. பெரும்பாலும் முதலில் நாமே பில் கட்ட வேண்டும். அப்புறம்தான் கம்பெனி தரும். ஆஸ்துமா உள்ள பையன் என்ன செய்வான்? ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் பணம் கேட்பான். அப்பாவிடம் ஏது? நகைதான் ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்கிறதே!

கமிஷன் வாங்கும் ஏஜென்சிகள், ரத்து செய்ய முடியாத விலக்கு இது என்பதைத் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.