மரை கழன்ற கேஸ்

'அவனுக்கு மரை கழண்டு போச்சுப்பா' என்று வாரத்துக்கு ஒருத்தரையாவது ஆபீஸில் சொல்லிவிடுகிறோம். (அடுத்த சீட்டில் நம்மைப் பற்றிச் சொல்வது தனிக் கணக்கு.) மனுஷனுக்குக் கழன்றால் பாதகமில்லை, சில இடங்களில் புரமோஷனே கிடைக்கிறது. காருக்குக் கழன்றால்? அதுவும், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற சஸ்பென்ஷனில்?

நண்பர் ஒருவர் பழைய கார் வைத்திருக்கிறார். மறுநாள் குடும்பத்தோடு திருப்பதி. முன் சக்கரத்தில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். புதுப்பேட்டை பக்கம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"லோயர் ஆர்மை பாடியில புடிக்கிற போல்ட்டு, திரெட் போயிடுச்சு சார். போன தடவை எவனோ கோணலா வெச்சு ஏர் கன்னால அடிச்சிருக்கான்."

"கொஞ்சம் பெரிய போல்ட்டா போட்டு அட்ஜஸ்ட் பண்ணிடுங்க பாய். காலைல கிளம்பணும்."

"போடலாம் சார். புடிச்ச மாதிரியே தெரியும். மலை ஏறச்சே வண்டி ஏறும். இறங்கச்சே போல்ட்டும் இறங்கும். பரவால்லியா?"

நண்பர் குடும்பத்தோடு பஸ்ஸில் திருப்பதி போனார்.

நம் நாட்டில் எல்லாவற்றையும் 'அட்ஜஸ்ட்' பண்ணலாம். ரயிலில் மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காரலாம். போல்ட் மட்டும் அட்ஜஸ்ட் ஆகாத ஜாதி. ஏன்?

போல்ட் என்றால் ஏதோ ஆணி மாதிரி குறுக்கே நின்று பாரம் தாங்குகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது இம்மியளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற அந்த இழுப்புதான் இரண்டு இரும்பையும் நசுக்கிப் பிடிக்கிறது. மரை போனால் இழுப்பு இல்லை. இழுப்பு போனால் இரும்புகள் நகர ஆரம்பிக்கும். அதுதான் அந்த 'டக்... டக்...' ஒவ்வொரு பள்ளத்திலும் போல்ட் வளைந்து வளைந்து, ஒருநாள் உடையும். அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

போல்ட் தலையில் 8.8 என்று போட்டிருந்தால் அது பார்ட் நம்பர் இல்லை, பலம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 80 கிலோ இழுத்தால்தான் அறும். ஆனால் அத்தனை பலமும் மரை வழியாகத்தான் போகிறது. அதிலும் முதல் மரை மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாரத்தைச் சுமக்கிறது. எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இப்படி இருப்பாரே, அந்த மாதிரி.

பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆக வேண்டும். 12 மி.மீ. போல்ட்டிலேயே 1.25, 1.5, 1.75 என்று மூன்று பிட்ச் உண்டு. பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். 1.25-ல் 1.5-ஐத் திருகினால் ஓரிரண்டு சுற்று ஏறும், அப்புறம் முறுக்கிக்கொள்ளும். அங்கே ஏர் கன்னை வைத்தால் முடிந்தது கதை.

சரி, வைத்தியம்? போல்ட்டிலோ தனி நட்டிலோ மரை போனால் தூக்கி எறிந்துவிட்டு அதே பலத்தில் புதுசு. பாடியோடு ஒட்டிய நட்டில் லேசாக நசுங்கியிருந்தால் அதே அளவு டேப் விட்டுச் சுத்தம் செய்யலாம். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அப்போதுதான் சீவல் உடைந்து விழும்.

சுத்தமாகவே போய்விட்டதா? நண்பர் வண்டிக்கு பாய் செய்தது இதைத்தான். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக ட்ரில் செய்தார். அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டினார். ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகி இறக்கினார். ஹெலிகாயில் என்று பெயர். சுருளின் உள்பக்கம் பழைய அளவிலேயே மரை. பழைய அளவு போல்ட்டே கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் துரு தின்றிருந்தால் இதுவும் உதவாது. நட்டையே வெட்டிவிட்டுப் புதுசு வெல்ட் செய்ய வேண்டும். பால் ஜாயின்ட், ஸ்டியரிங் பக்கம் மரை போனால் ரிப்பேர் பேச்சே கூடாது, பார்ட்டையே மாற்றணும்.

செப்புக் கம்பி இழையைத் திணிப்பது, பசை தடவுவது, பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது எல்லாம் வீட்டு நாற்காலிக்கு. வீட்டு மனிதர்கள் ஏறுகிற வண்டிக்கு இல்லை.

அடுத்த தடவை சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விட்டால் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் மூணு நாலு சுற்று விரலால் ஏற வேண்டும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சால், மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்கு. "கையால எத்தனை சுத்து ஏறிச்சு தம்பி?" என்று கேளுங்கள். பையன் முழித்தால், கழற்றி மறுபடி போடச் சொல்லுங்கள்.

'சாருக்கு மரை கழண்டு போச்சு' என்று முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும். காருக்குக் கழலாமல் இருந்தால் சரி.