பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு

டர்போ வண்டிக்குப் பெரிய ஃபியூயல் பம்ப் வேண்டும் என்று கேட்டால், கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது வால்ப்ரோ 255. மணிக்கு 255 லிட்டர் என்பது பொருள். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து பம்ப் வாங்கும் பழக்கத்தை நம் தொழிலில் உள்ளவர்கள் விட்டொழிக்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஜேஇசட்ஏ80 டொயோட்டா சுப்ரா, 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின், இலக்கு 500 குதிரைத்திறன். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். மொத்தம் 135 கிலோ, அதாவது 180 லிட்டருக்குச் சற்று மேல். கையிருப்பாக 20 சதவீதம் சேர்த்தால் 220. பெட்டியில் 255 இருக்கிறதே, போதாதா?

போதாமல் போகலாம். அந்த 255 சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அளந்தது. பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயில் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் ஏற்றும். 20 பிஎஸ்ஐ பூஸ்டில் பம்ப் 60 பிஎஸ்ஐக்கு எதிராகத் தள்ளியாக வேண்டும். அழுத்தம் ஏற ஏற வரத்து குறையும். இன்ஜின் அதிகம் கேட்கும் நேரமும் பம்ப் குறைவாகக் கொடுக்கும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. ஐடிலில் ஒன்றும் தெரியாது, ஊருக்குள் ஓட்டினாலும் தெரியாது. முழு பூஸ்டில் கலவை லீன் ஆகி, நாக் தொடங்கி, பிஸ்டன் உருகிய பிறகுதான் தெரியவரும்.

வோல்டேஜும் இதே அளவு முக்கியம். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது டேங்க் மேலுள்ள கனெக்டரில் வையுங்கள். பேட்டரியில் 13.8 காட்டும் பழைய வண்டிகளில் அங்கே 12க்குக் கீழே காட்டுவது சகஜம். பல நேரங்களில் புது பம்பைவிட, பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், ஃபியூஸ், ரிலே, நல்ல எர்த் ஆகியவையே பலன் தரும்.

அதற்காக அளவுக்கு மீறிய பம்பும் ஆகாது. ஐடிலில் இன்ஜின் குடிப்பது மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் ரிட்டர்ன் லைன் வழியே திரும்ப வேண்டும். லைனும் ரெகுலேட்டரும் சிறியவையாக இருந்தால் ரெயில் அழுத்தம் தானே ஏறும், டேங்கில் பெட்ரோல் சூடாகும். இதை உணர்ந்துதான் டொயோட்டா சுப்ராவில் பம்புக்கெனத் தனி ஈசியு வைத்து, சுமை குறைவான நேரத்தில் வோல்டேஜைக் குறைத்தது. அதை பைபாஸ் செய்து எப்போதும் முழு வோல்டேஜ் கொடுப்பவர்கள் ரிட்டர்ன் பக்கத்தையும் சரிபார்க்க வேண்டும்.

இ85 ஊற்றினால் மேலே போட்ட 220 லிட்டர் 300ஐத் தாண்டிவிடும். எத்தனாலைத் தாங்கும் பம்பும் வேண்டும். நம் பங்குகளில் கிடைக்கும் இ20க்கும் பழைய பெட்ரோல் கணக்கு அப்படியே பொருந்தாது, சற்றுக் கூட்டியே போட வேண்டும். போலி பம்புகளும் சந்தையில் உலவுகின்றன. விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் வாங்காதீர்கள்.

தயாரிப்பாளரிடம் வரத்து-அழுத்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் ரெயிலில் பிரஷர் சென்சார் வைத்து, முழு பூஸ்டில் லாக் எடுங்கள். வாடிக்கையாளரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது அந்த லாகையும் சேர்த்துக் கொடுங்கள். இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் பம்பின் லிட்டர் கணக்கு வந்தால், எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் அளந்தது என்பதும் உடன் வர வேண்டும். இரண்டும் இல்லாத எண்ணை அச்சிட மாட்டோம்.