முன்பற்கள் சேரவில்லையா? கிளிப் போடும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்!

பின்பற்களை நன்றாகச் சேர்த்துக் கடித்தபடி உங்கள் பிள்ளையை ‘ஈ’ என்று பல்லைக் காட்டச் சொல்லுங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைக் கொஞ்சம் மூடியபடி இருந்தால் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து நாக்கு எட்டிப் பார்த்தால், அதைத்தான் பல் மருத்துவர்கள் ‘ஓப்பன் பைட்’ என்கிறார்கள். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் 6, 7 வயதில் இப்படித் தெரிவது சில நேரம் தற்காலிகம்தான். பற்கள் முழுதாக வளர்ந்த பிறகும் தெரிந்தால் கவனிக்க வேண்டும்.

இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல. முறுக்கையோ கொய்யாவையோ முன்பல்லால் கடிக்க முடியாது. ‘ச’, ‘ஸ’ சொல்லும்போது காற்று கசிந்து உச்சரிப்பு மாறும். வகுப்பில் யாராவது ஒருமுறை கேலி செய்துவிட்டால், பிள்ளை சிரிப்பதையே குறைத்துக்கொள்ளும்.

ஏன் வருகிறது?

நான்கு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, விரல் சூப்பும் பழக்கம். இரண்டு, விழுங்கும்போதும் ஓய்வாக இருக்கும்போதும் நாக்கு முன்பற்களுக்கு நடுவே வந்து தள்ளுவது. மூன்று, அடினாய்டு வீக்கம், அலர்ஜி போன்றவற்றால் மூக்கடைத்து, வாய் வழியாக மூச்சு விடுவது. நான்கு, தாடை எலும்பே நீளவாக்கில் அதிகமாக வளர்வது. ஒரே பிள்ளைக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம்.

விரல் சூப்புவது மட்டுமே காரணம் என்றால் நல்ல செய்தி உண்டு. நிரந்தர முன்பற்கள் முளைப்பதற்குள் பழக்கம் நின்றுவிட்டால், பல பிள்ளைகளுக்கு இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். அதற்காக விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும் அடிப்பதும் வேண்டாம். தூக்கம் வரும்போதா, பயத்திலா, எப்போது விரல் வாய்க்குப் போகிறது என்று கவனித்து, அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், விரலையும் நாக்கையும் தடுக்கும் சிறு கம்பி அமைப்பை மருத்துவர் வாயில் பொருத்துவார்.

பாக்குவெட்டிக் கணக்கு

வளர்ந்த பிறகு சிகிச்சை வேறு மாதிரி. பாக்குவெட்டியின் கீல் அருகே சின்னத் துண்டு ஒன்று சிக்கினால் முன்பக்கம் எவ்வளவு அகலமாகத் திறந்து நிற்கும்! தாடையும் அப்படித்தான். பின்பற்களைச் சுமார் 1 மி.மீ. உள்ளே அழுத்தினால், முன்பக்கம் 2 முதல் 3 மி.மீ. வரை மூடும். ஜப்பானின் செண்டாய் நகர மருத்துவர்கள் தாடை எலும்பில் சிறு டைட்டானியம் தகடுகளைப் பொருத்தி, இரண்டு பேருக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்களை 3 முதல் 5 மி.மீ. வரை உள்ளே இறக்கியதை 1999-ல் வெளியிட்டார்கள். இன்று அதே வேலைக்குச் சிறு திருகாணிகளும் பயன்படுகின்றன. தாடை எலும்பின் கோளாறு பெரிதாக இருந்தால், வளர்ச்சி முடிந்த பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மூடியது மறுபடி திறக்குமா?

ஆராய்ச்சியாளர்களைப் பல வருடங்களாகத் தூங்கவிடாத கேள்வி இதுதான். 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 35 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோருக்கு 3 மி.மீ. அல்லது அதற்கும் அதிகமான இடைவெளி இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கட்டுரையின்படி, அறுவை சிகிச்சை செய்தவர்களில் 82 சதவிகிதத்தினருக்கும், செய்யாதவர்களில் 75 சதவிகிதத்தினருக்கும் ஓராண்டுக்கு மேலாகியும் பலன் நிலைத்திருந்தது. இரு தரப்பினரின் பாதிப்பும் ஒரே மாதிரியானதல்ல என்பதால், இதை வைத்து எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கடைவாய்ப் பற்களை உள்ளே அழுத்திச் சரிசெய்த 9 பேரை 3 ஆண்டுகள் கவனித்த 2010-ம் ஆண்டு ஆய்வில், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பியதில் சுமார் 80 சதவிகிதம் முதல் வருடத்திலேயே நடந்துவிட்டது.

ஆகவே, கிளிப்பைக் கழற்றும் நாளோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. நாக்கு தள்ளிக்கொண்டே இருந்தால், கம்பியால் மூடிய இடைவெளி மெல்லத் திறக்கும். நாக்குப் பயிற்சியையும் ‘ரிடெய்னர்’ அணிவதையும், முக்கியமாக முதல் வருடத்தில், விட்டுவிடக் கூடாது.

எங்கே போகலாம், என்ன கேட்கலாம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு அலைச்சல் குறைவு. வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும், முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அரசு மருத்துவமனை வேண்டுமென்றால், ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால், தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

எங்கே போனாலும், ‘எவ்வளவு செலவாகும்?’ என்பதோடு இவற்றையும் கேளுங்கள்:

• என் பிள்ளைக்கு இது பழக்கத்தால் வந்ததா, எலும்பு வளர்ச்சியால் வந்ததா?
• மூக்கடைப்புக்குக் காது மூக்கு தொண்டை நிபுணரையும் பார்க்க வேண்டுமா?
• இப்போதே தொடங்க வேண்டுமா, வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கலாமா?
• கிளிப் கழற்றிய பிறகு ரிடெய்னரை எத்தனை காலம் போட வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் கம்பி கட்ட அவசரப்பட்டால், சில வருடங்கள் கழித்து அதே நாற்காலியில் பிள்ளையை மறுபடி உட்கார வைக்க வேண்டியிருக்கலாம்.