நல்ல கேமா... நல்லாருக்கிற கேமா?

படம் பார்த்துட்டு வர்ற ஃப்ரெண்டுகிட்ட "எப்படிடா இருக்கு?"ன்னு கேளுங்க. "நல்லாருக்கு மச்சி"ன்னு சொன்னா அடுத்த ஷோவுக்கு டிக்கெட் எடுத்துடலாம். அதுவே கொஞ்சம் இழுத்து, "ம்ம்ம்... நல்ல படம்"ன்னு சொன்னா? உஷாராகிடுவீங்கதானே! கேமரா சூப்பர், நடிப்பு சூப்பர், ஆனா இன்டர்வெல்லில் பாப்கார்ன் வாங்கப் போனவன் அப்படியே வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம். 'நல்ல' படத்துக்கும் 'நல்லாருக்கிற' படத்துக்கும் வித்தியாசம் நம்ம எல்லாருக்கும் தெரியும். வீடியோ கேம்னு வந்துட்டா மட்டும் ரெண்டையும் போட்டுக் குழப்பி, ஹாஸ்டல் ரூமில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போடுறோம்.

நானும் போட்டவன்தான். என்ன, இடம் ஹாஸ்டல் இல்லை. கொடைரோடு.

கொடைரோடு தெரியும்ல? பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியக்காலை தூக்கக் கலக்கத்தோட இறங்கி, ஸ்வெட்டரைத் தேடி எடுத்துக்கிட்டு மலைக்கு வண்டி பிடிக்க ஓடுவீங்களே, அதே ஸ்டேஷன். கொடைக்கானல் அங்கிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். நீங்கள்லாம் குளிருக்குப் போயிடுவீங்க. வெயிலுக்கு மிச்சம் இருக்கிறது எங்க சித்தி குடும்பம் மாதிரி ஆளுங்கதான். ஸ்கூல், காலேஜ் எதுக்கு லீவு விட்டாலும் நான் அங்கேதான் கிடப்பேன். 2008 வாக்கில் சித்தி வீட்டுக்கு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வந்தது. குண்டு மானிட்டர், அதுக்குப் பூப்போட்ட துணி உறை. உள்ளே கேம்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு... கிரிக்கெட் 07!

ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட கேம் அது. செஞ்சது கனடாவில் இருக்கிற ஹெச்.பி. ஸ்டுடியோஸ். (கிரிக்கெட் கேமை கனடாக்காரங்க செஞ்சா எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்களோ, கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.) ஆஸ்திரேலியா, இங்கிலாந்து மாதிரி சில அணிகளுக்குத்தான் உரிமம். நம்ம டீமில் பாதிப் பேர் முகமும் தெரியாது, பேரும் புரியாது. பந்து பக்கத்திலேயே உருண்டு போகும். ஃபீல்டர் ஏதோ யோசனையில் நின்னுக்கிட்டு இருப்பார். ஒரு குறிப்பிட்ட ஷாட்டை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அடிச்சா, பவுலர் யாரா இருந்தாலும் சிக்ஸர்தான். அந்த ரகசியம் தம்பிக்கு மட்டும் தெரியும். நான் மலிவு விலை கேம்பேடோட போராடுவேன். அவன் கீபோர்டில் ரெண்டு தட்டுத் தட்டி என்னைக் கதற விடுவான். நடுவில் கரண்ட் போகும். யு.பி.எஸ். 'கீ... கீ...'ன்னு கத்தும். கடைசி ஓவர் பாக்கி இருக்கும்போது மெஷின் செத்துப் போறதும், "நான்தான் ஜெயிச்சேன்"னு ரெண்டு பேரும் உருள்றதும், சித்தி கரண்டியோட ஓடி வர்றதும் தினசரி நிகழ்ச்சி.

அப்புறம் நான் பெரிய ஆளாகிட்டேன். கேம் விமர்சனங்கள் படிக்க ஆரம்பிச்சேன். கிராஃபிக்ஸ், ஏ.ஐ., பிசிக்ஸ்னு வாயில் நுழையாத வார்த்தையெல்லாம் நுழைஞ்சது. 2010-ல் லீவுக்குப் போனப்போ தம்பி ஆசையா கேமைப் போட்டான். "இதையா இன்னும் ஆடுறே? இது ஒரு குப்பை கேம்டா"ன்னு ஆரம்பிச்சு, காரணத்தோட அரை மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். பொறுமையாக் கேட்டவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, அப்ப நாம சிரிச்சதெல்லாம் பொய்யா?"

பதில் சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம் நான் போனா அவன் அந்த கேமை எடுக்கவே மாட்டான். நான் ஊருக்குக் கிளம்பின பிறகு ஆடுவானாம். சித்தி சொல்லித்தான் தெரியும்.

பதில் கிடைக்க எனக்குப் பல வருஷம் ஆச்சு. அதுவும் நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து. ராக்ஸ்டார் கம்பெனியின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' தெரிஞ்சிருக்கும். 2018-ல் கன்சோலுக்கும், 2019-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. விமர்சனங்களைத் திரட்டி மார்க் போடுற மெட்டாகிரிட்டிக்கில் நூத்துக்கு 97. ஒரு மாசம் யோசிச்சு வாங்கினேன். அடேங்கப்பா! பனியில் நடந்தா கால்தடம் விழுது. குதிரை மேல சேறு ஒட்டுது. ஹீரோவுக்கு நாளாக ஆக தாடி வளருது. துப்பாக்கியைத் துடைக்காம விட்டா அது சரியா வேலை செய்யலை. மேஜை டிராயரைத் திறந்தாக்கூட, கை போய், பிடிச்சு, இழுத்து, எடுத்து... நிதானமா நடக்குது. இவ்வளவு உழைப்பை இதுக்கு முன்னாடி எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

பத்து மணி நேரம் ஆடினேன். போரடிச்சிடுச்சு!

வெளியே சொல்ல வெட்கமா இருந்தது. 97 மார்க் கேம் போரடிக்குதுன்னா கோளாறு என்கிட்டதானேன்னு நினைச்சு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தினமும் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தேன். ஒருநாள் குதிரை மெதுவா மலையேறிக்கிட்டு இருந்தப்போதான் உறைச்சது. போரடிச்சுக்கிட்டு இருக்கும்போதே இது பிரமாதமான வேலைன்னு என்னால சொல்ல முடியுது. விழுந்து விழுந்து சிரிச்ச அந்தக் காலத்திலும் கிரிக்கெட் 07-ல் ஃபீல்டிங் மோசம்னு எனக்குத் தெரியும். அப்படின்னா என் மனசுக்குள்ள ரெண்டு தராசு தனித்தனியா ஓடிக்கிட்டுதானே இருந்திருக்கு? ஒண்ணு கேமை நிறுக்குது. இன்னொண்ணு அந்த சாயங்காலத்தை நிறுக்குது. அதில் தம்பி உண்டு, யு.பி.எஸ். சத்தம் உண்டு, சித்தி கரண்டியும் உண்டு.

"அட போங்க பாஸ்... ஜாலியா இருந்தா அதுதான் தரம்"னு நீங்க சொல்லலாம். பாதி உண்மை. பந்து வருது, அடிக்கிறோம், அடுத்த நொடியே ரிசல்ட் தெரியுது, உடனே அடுத்த பந்து. அந்த வேகத்தை அந்தக் கனடாக்காரங்க சரியாத்தான் பிடிச்சிருந்தாங்க. அது தரம்தான், நான் அன்னைக்கு லெக்சரில் அதைச் சேர்க்காதது தப்பு. ஆனா எங்களை அதிகம் சிரிக்க வெச்சது அந்த சிக்ஸர் ஷாட். அது சுத்தமான கோளாறு! கோளாறே சந்தோஷம் கொடுக்குதுன்னா, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

கொடைரோடு பக்கம் பன்னீர் திராட்சை அதிகம். சித்தப்பாவுக்கும் ஒரு பந்தல் இருக்கு. வியாபாரி வந்தா குலையோட கட்டுக்கோப்பு, நிறம், அடிபடாம இருக்கிறதைத்தான் பார்ப்பார். நல்லாப் பழுத்துக் காம்பு விட்டு உதிர்ந்த பழத்தைத் தள்ளி வெச்சிடுவார். அந்த உதிரி மொத்தமும் ஒரு சட்டியில் வீட்டுக்கு வரும். இனிப்புன்னா அப்படி ஒரு இனிப்பு! வியாபாரி மேல தப்பில்லை, திண்டுக்கல் மார்க்கெட் போறதுக்குள்ள அது கூழாகிடும். நாங்களும் முட்டாள்கள் இல்லை.

இதில் மூணாவதா ஒரு ஆசாமி உண்டு, அவர்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். 'ஃப்ளாப்பி பேர்ட்' ஞாபகம் இருக்கா? வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் 2013-ல் விட்ட கேம். பச்சைக் குழாய்க்கு நடுவில் குருவி பறக்கணும், அவ்வளவுதான். 2014 தொடக்கத்தில் உலகமே அதைத் தட்டிக்கிட்டுக் கிடந்தது. பிப்ரவரியில் அவரே அதைத் தூக்கிட்டார்! சும்மா ரெண்டு நிமிஷம் ஆடச் செஞ்சது, ஜனங்க அடிமையாகிட்டாங்கன்னு காரணம் சொன்னார். அதை ஆடினப்போ என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருந்தா, அதில் சந்தோஷம்னு ஒண்ணும் இருந்திருக்காது. எரிச்சல்தான். ஆனா விட முடியலை. 'விட முடியலை'ங்கிறதை 'நல்லாருக்கு'ன்னு கணக்கில் எழுதிடாதீங்க. "இன்னைக்கும் வந்து பரிசுப் பெட்டியைத் திற"ன்னு செல்போன் கூப்பிடும்போது, போன வாரம் பெட்டியைத் திறந்தப்போ ஒரு தடவையாவது சிரிச்சோமான்னு யோசிச்சுப் பாருங்க.

போன பொங்கலுக்கு கொடைரோடு போயிருந்தேன். தம்பி இப்போ லேப்டாப் வெச்சிருக்கான். உள்ளே அதே கிரிக்கெட் 07! ஈ.ஏ. அதுக்கப்புறம் கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் கேமே விடலை. ரசிகர்கள்தான் பேட்ச் போட்டுப் போட்டு உயிரோட வெச்சிருக்காங்க. கேம் வந்தப்போ ஐ.பி.எல்.லே கிடையாது, அது 2008-ல் வந்தது. இவன் கேமில் சென்னை டீம் மஞ்சள் ஜெர்சியில் இறங்குது. கமென்ட்டரி சொல்றது இன்னமும் ரிச்சி பெனோதான். மனுஷன் 2015-லயே போய்ச் சேர்ந்துட்டார். சித்தி வீட்டு ஹாலில் குரல் கேட்குது.

"பொய்யில்லைடா"ன்னேன்.

"எதுண்ணே?"

"2010-ல் ஒண்ணு கேட்டியே... நாம சிரிச்சது."

அவனுக்கு ஞாபகமே இல்லை! "பேட்டிங்கா, பவுலிங்கா?"ன்னு கேட்டுட்டு கீபோர்டை அவன் பக்கம் இழுத்துக்கிட்டான். அஞ்சு ஓவர் மேட்ச். நாற்பத்தோரு ரன்னில் தோத்தேன். அந்த ஷாட்டை மட்டும் இன்னும் சொல்லித் தர மாட்டேங்கிறான்.